பிழை விட்டால் அது என்ன சொல்லும்?

காத்தான்குடி
12.01.2025

அன்புள்ள நிஸ்தார் காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் முறைப்பாடு செய்கிறது. தோஹாவில் குளிராம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்கச் சொன்னார். நம் இளைய தங்கச்சி நுஸ்ராவின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. மழை விட்டதும் கூரை மரம் ஏற்றலாம் என்று மேசன் சொல்கிறார். மேசன் சொன்னதை எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

போனில் கதைக்காமல் ஈமெயிலில் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். விஷயம் அப்படி. போனில் நீங்கள் சொல்கிற பெயர்கள் எனக்கு அடுத்த நிமிடமே மறந்து போகும். எழுத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

முன் ஹோலில் நடத்திய கணித வகுப்பை டிசம்பரோடு நிறுத்திவிட்டேன். வெள்ளத்தில் பிள்ளைகள் உட்காருகிற வாங்குகள் ஊறிப்போய்க் கிடக்கின்றன. ஆனால் பிள்ளைகளை விடவில்லை. பாடத்தைப் போனில் செய்து அனுப்பப் போகிறேன். சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற வீடியோ இல்லை. பிள்ளை கையால் தொட்டு, விடை சொல்லி, சரி பிழை பார்த்து மேலே போகிற பாடம். நீங்கள் அங்கே கம்பனியில் அதைத்தானே செய்கிறீர்கள். எந்தச் சாமானால் செய்தால் நல்லது என்று சொல்லுங்கள்.

போனில் திறக்க வேண்டும். டேட்டாவைக் கனக்கத் தின்னக்கூடாது. தமிழ் எழுத்து உடையக்கூடாது. சத்தம் வேண்டாம், எழுத்து போதும்.

இது சரிவராவிட்டால் சித்திரைக்குள் பிள்ளைகள் வேறு வகுப்புகளுக்குப் போய்விடுவார்கள். பிறகு நான் படிப்பிக்கிறதையே விட வேண்டியதுதான். அது எனக்கு ஏலாது காக்கா. அதனால் விளையாட்டாக எடுக்காமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உம்மாவும் இவரும் நுஸ்ராவும் ஸலாம் சொல்கிறார்கள்.

தங்கச்சி ஸாதியா


தோஹா
19.01.2025

ஸாதியாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

காதை மூடுகிறேன் என்று உம்மாவிடம் சொல். தொப்பி வாங்கவில்லை என்பதைச் சொல்லாதே.

பதினைந்து வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன், நீ கடிதம் எழுதியதில்லை. அஞ்சு நிமிடக் குரல் பதிவு அனுப்புவாய், அதில் மூன்று நிமிடம் மேசனை ஏசுவாய். இப்போது முறைப்பாடு எழுத்தில் வருகிறது. சரி, நானும் பெரிய மனுசன் மாதிரிப் பதில் எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது சாப்பாட்டுக் கம்பனி. நான் பாடம் செய்வது கத்தி பிடிப்பது எப்படி, இறைச்சியை எந்தக் குளிரில் வைப்பது என்று. படிக்கிற ஆட்கள் 'அடுத்தது, அடுத்தது' என்று அமத்திக்கொண்டே போய் கடைசியில் சான்றிதழ் எடுப்பார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சாமான்கள் மூன்று வகை.

முதலாவதைக் கிடாரம் என்று வைத்துக்கொள். கம்பியூட்டரில் ஏற்றி வேலை செய்ய வேண்டும், வருடா வருடம் காசு கட்ட வேண்டும். ஆனால் எல்லாம் வேகும். படம் அசையும், பிள்ளை ஒன்றை இழுத்து இன்னொன்றில் போடலாம், குரல் சேர்க்கலாம். என் கம்பனிக் கணக்கில் உனக்கும் ஓர் இடம் எடுத்துத் தருவேன்.

இரண்டாவது சட்டி. இலவசம். இணையத்திலேயே இருந்து செய்யலாம், வீடியோவுக்கு நடுவில் கேள்வி வைக்கலாம். கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டும்.

மூன்றாவது தேத்தண்ணிக் கோப்பை. கலியாணத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டு அனுப்புகிறார்களே, அந்தப் படிவம். கேள்வி, விடை, விடைக்கு ஏற்றமாதிரி அடுத்த பக்கம். அதை நான் பாடம் செய்கிற சாமான் என்று சொல்லவே மாட்டேன்.

கிடாரத்தை எடு. உன் குரலைப் போடு. நீ பின்னம் சொல்லிக் கொடுத்தால் ஆத்தங்கரை வரை கேட்கும் என்று வாப்பா சொல்லுவார். உன் முதலே அந்தத் தொண்டைதான், அதை விட்டுவிட்டு எழுத்து மட்டும் போதும் என்கிறாய்.

பாஹிம் மச்சானுக்கு ஸலாம். கடையில் வியாபாரம் எப்படி?

நிஸ்தார்


காத்தான்குடி
02.02.2025

அன்புள்ள காக்காவுக்கு, உங்களுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். நாங்களும் அவன் காவலில் இருக்கிறோம்.

இவருடைய துணிக்கடையில் நோன்புக்கு முன் வருகிற கூட்டம் தொடங்கிவிட்டது. நுஸ்ராவுக்கு ஜன்னல் பச்சையா நீலமா என்று வீட்டில் சண்டை. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை, அதனால் என்னை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

நீங்கள் எழுதியதை நாலைந்து தரம் வாசித்தேன். விளங்கியது. ஒரு கேள்வி. பிள்ளை பிழை விட்டால் உங்கள் கிடாரம் என்ன சொல்லும்?

நான் ஏன் கேட்கிறேன் என்றால், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒரு பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதும். அது மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் அப்படியே கூட்டிய பிள்ளை. இன்னொன்று ஆறில் ஒன்று என்று எழுதும். அது கூட்டாமல் பெருக்கிய பிள்ளை. மூன்றாவது ஆறில் இரண்டு என்று எழுதும். அது பாதித் தூரம் சரியாக வந்து, கீழே மாற்றிவிட்டு மேலே மாற்ற மறந்த பிள்ளை. மூன்று பேருக்கும் ஒரே ஏச்சு ஏசினால் எப்படி? வகுப்பில் என்றால் முகத்தைப் பார்த்தே ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுவேன்.

சத்தம் வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. தயவுசெய்து அதைத் திரும்பக் கேட்காதீர்கள்.

உம்மா உங்களுக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். ஆள் வந்தால் கொடுத்துவிடுவோம்.

ஸாதியா


தோஹா
09.02.2025

ஸாதியாவுக்கு,

நான் சுகம். காதும் சுகம்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: பிழை என்று சிவப்புப் புள்ளடி காட்டும். 'மீண்டும் முயற்சி செய்க' என்று வரும். சரி என்றால் பச்சை. என்னுடைய பாடங்களில் எல்லாம் அவ்வளவுதான். ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வொரு பதில் எழுதலாம், சாமானில் அந்த வசதி இருக்கிறது. எங்கள் கம்பனியில் யாரும் எழுதியதில்லை. கத்தியைப் பிழையாகப் பிடித்தவனிடம் கதைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

கிடாரத்தில் ஒரு மாதிரிப் பாடம் செய்து லிங்க் அனுப்புகிறேன். அரை வட்டத்தை விரலால் இழுத்து முழு வட்டத்தில் போடலாம். வட்டம் சுழன்று வந்து உட்காரும். பார்த்தால் நீயே மனம் மாறுவாய்.

இப்போது நான் கேட்க வேண்டியது. டிசம்பரில் இருந்து உன் குரலையே கேட்கவில்லை. எடுக்கும்போதெல்லாம் உம்மாதான் போனைத் தூக்குகிறார். 'தொழுறா மகன்' என்கிறார். 'குளிக்கா' என்கிறார். 'நுஸ்ராட ஊட்டப் பார்க்கப் போயிரிக்கா' என்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிப்பாய்? பாடத்திலும் குரல் வேண்டாம், காக்காவோடும் குரல் வேண்டாம். மச்சான் ஏதும் சொன்னாரா? பொம்புளப் புள்ளையின் குரல் ஊரெல்லாம் போனில் சுற்றக்கூடாது என்று யாராவது அவர் தலையில் ஏற்றிவிட்டார்களா? இருந்தால் ஒளிக்காமல் எழுது.

நிஸ்தார்


காத்தான்குடி
23.02.2025

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம். சுகமாக இருப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். எங்களுக்கும் குறையில்லை.

உங்கள் மாதிரிப் பாடத்தைப் பிரஷாந்திக்கு அனுப்பிப் பார்த்தேன். அவள் வாவிக்கு அக்கரையில் இருந்து, மண்முனைப் பாலத்தால் சைக்கிளில் வந்து என்னிடம் படித்த பிள்ளை. கெட்டிக்காரி, வாயும் கூட. அவளுடைய அம்மா வயல் வட்டைக்கு அறுவடைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் போன் அவள் கைக்கு வரும். அந்தப் போனின் கண்ணாடி குறுக்கே வெடித்திருக்கிறது.

பாடம் திறக்கவே கனநேரம் எடுத்ததாம். அரை வட்டத்தை இழுத்தால் வெடித்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. கடைசியில் கேள்வியை வாசிக்கப் பார்த்தால், கொம்பு ஓர் இடத்தில், எழுத்து ஓர் இடத்தில். 'டீச்சர், வட்டம் வடிவா சுத்துது, ஆனா கணக்கு எங்க கிடக்கு?' என்று எழுதி அனுப்பினாள். அவ்வளவில் அம்மாவின் டேட்டாவும் முடிந்தது.

சட்டியையும் நானே பழகிப் பார்த்தேன். நல்ல சாமான்தான். ஆனால் வீடியோவுக்கு நடுவில் கேள்வி வைக்க, முதலில் வீடியோ வேண்டும்.

ஆகையால் கோப்பையை எடுத்துவிட்டேன். கலியாணப் படிவம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான்கு விடை வைக்கிறேன். எதைத் தொட்டாலும் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும். அங்கே அந்தப் பிழைக்குரிய பதிலை எழுதி வைக்கிறேன், வகுப்பில் நான் சொல்கிற மாதிரியே. பிறகு பிள்ளை கேள்விக்குத் திரும்பி வரும். தொட்டால் போதும், இழுக்கத் தேவையில்லை. பிரஷாந்தியின் போனில் உடனே திறந்தது.

ஒரு கணக்கு முழுதாகச் செய்து முடிக்கப் பகல் முழுக்கப் போகிறது. பிழைகளை யோசித்து எடுப்பதுதான் வேலை. சரியான விடை ஒன்றுதான், அதற்குப் பாடு இல்லை.

இவர் சுகம். கடையில் ஓடித் திரிகிறார். உம்மா ஸலாம் சொன்னார்.

ஸாதியா


தோஹா
27.02.2025

ஸாதியாவுக்கு,

நோன்பு வருகிறது. உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் அதை இலேசாக்கி வைக்கட்டும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. 'இவர் சுகம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நேற்று மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவரிடம் நேரே கேட்டேன், 'ஸாதியாட வாயப் பூட்டினது ஆரு?' என்று. அவர் இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. 'அந்த ஊடு வாப்பா கட்டின ஊடு. அங்க வந்து இருந்துக்கிட்டு எங்கட புள்ளைக்குச் சட்டம் போடுறீங்களா?' என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர், 'கடையில சனம் மச்சான், மறுகா எடுக்கன்' என்று வைத்தார்.

சொன்னது கூடிப்போனதுதான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கு அல்லாஹ் கொடுத்த குரலை இன்னொருவர் எடுக்க ஏலாது.

நீ பயப்படாமல் எனக்கு எழுது. அல்லது போனை எடுத்துக் கதை.

நிஸ்தார்


காத்தான்குடி
03.04.2025

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போனதா? வட்டிலப்பம் செய்தோம், உங்கள் பங்கை நுஸ்ரா தின்றாள்.

உங்கள் கடிதத்தை நோன்பு முழுக்க வைத்திருந்தேன். நோன்போடு கோபமாக எழுதக்கூடாது என்றுதான்.

எனக்குக் குரல் இல்லை காக்கா.

கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. டிசம்பரில் ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. யாருடைய பிழையும் இல்லை, இப்படி ஆகலாம் என்று முன்னமே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. பக்கத்தில் வந்து காதை வைத்தால் கொஞ்சம் கேட்கும். ஒரு வருடத்தில் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்கிறார் டொக்டர். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் காற்றை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பிப்பது? அதனால்தான் வகுப்பை நிறுத்தினேன். வாங்கு ஊறியது உண்மைதான், அடுத்த வாரமே காய்ந்துவிட்டது.

உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் எல்லோரிடமும் வாக்கு வாங்கினேன். வாப்பா வருத்தமாகிப் படுக்கையில் விழுந்ததும் வேலையை எறிந்துவிட்டு ஓடி வந்தவர் நீங்கள். மறுகா வேலை எடுக்க எவ்வளவு அலைந்தீர்கள்? இப்போது நுஸ்ராவின் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. சீதன வீடு முடியாமல் அவளுக்குக் கலியாணம் இல்லை, உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்தால் எனக்குக் குரல் வராது, அவளுக்குக் கூரையும் வராது.

உம்மா உங்களுக்குச் சொன்ன பொய்களுக்கெல்லாம் நோன்பில் தௌபா கேட்டாராம். நான் குளித்தது மட்டும் உண்மை என்கிறார்.

இவரை நீங்கள் ஏசினீர்கள். நோன்பின் முதல் நாள் இவர் இங்கே நோன்பு திறக்கவில்லை. தன் உம்மா வீட்டுக்குப் போய்த் திறந்துவிட்டு வந்தார். கலியாணம் முடித்த நாளில் இருந்து அப்படிச் செய்ததில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்திருந்ததால் எனக்கு விளங்கியது. காக்காவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று எழுதிக் காட்டினேன். 'உனக்கு வாக்குக் குடுத்துட்டு என்னெண்டு சொல்லுற? ஏசினா ஏசட்டும். உன்ன நினைச்சித்தானே ஏசுறார்' என்றார். கழுத்தில் கட்டுப் போட்டுக் கிடந்த நாளெல்லாம் எனக்குக் கஞ்சி பருக்கியவர் அவர்.

உங்களோடு எனக்குக் கோபம் இருந்தது. எழுதியதில் கொஞ்சம் போய்விட்டது. மீதியை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

தங்கச்சி ஸாதியா


தோஹா
27.04.2025

அன்புள்ள தங்கச்சிக்கு, அல்லாஹ் உனக்குப் பூரண சுகத்தைத் தரட்டும்.

உன் கடிதம் வந்த அன்று லீவு கேட்க மனேஜரின் அறைக்குப் போனேன். அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். நுஸ்ராவின் கூரை நினைவுக்கு வந்தது. குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று ஒரு முறைப்பாடு சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மச்சானுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். 'அத விடுங்க மச்சான். சாப்பிட்டீங்களா?' என்றார்.

இனி இதைக் கேள். சும்மா இருக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். நீ எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. மீன் ஆணத்துக்குப் புளி எப்போது விடுவது, நுஸ்ராவின் ஜன்னல், மேசன் செய்த கூத்து, எல்லாம். ஒருவரின் குரலைக் கேட்டுப் பழகி, எழுதிக் கொடுத்ததை அந்தக் குரலிலேயே வாசிக்கிற சாமான் இப்போது வந்திருக்கிறது. பதிவுகளை அதற்குக் கொடுத்தேன். நீ எழுதிய பின்னக் கணக்கை வாசிக்கச் சொன்னேன். இணைத்திருக்கிறேன். கேட்டுப் பார். நீதான். மூச்சு எடுக்கிற இடம் கூட நீதான்.

இனி நீ எழுதினால் போதும், எல்லாப் பாடத்துக்கும் நான் குரல் போட்டு அனுப்புவேன். டேட்டாவும் அதிகம் தின்னாது, சுருக்கித் தருகிறேன். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

உம்மாவின் காலைப் பிடித்து என் ஸலாத்தைச் சொல்.

காக்கா நிஸ்தார்


காத்தான்குடி
25.05.2025

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். இவர் மறுபடி வீட்டில் சத்தமாகச் சிரிக்கிறார், உங்கள் போனுக்குப் பிறகு.

பதில் எழுதப் பிந்திவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் அனுப்பியதை முன் ஹோலில் இருந்து கேட்டேன். உம்மா பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பாதி கேட்கும் முன்னமே கையெல்லாம் செதிலோடு ஓடி வந்து கதவடியில் நின்றார். அந்த முழங்காலோடு எப்படி ஓடினாரோ தெரியாது. 'வந்துட்டா மகள்? அல்லாஹ், கொரல் வந்துட்டா?' என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்டிப் போனைக் காட்டினேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, 'இன்னொருக்காப் போடு' என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். நான் போடவில்லை.

அன்று பின்னேரம் நான் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னேன். வழமையாக என் வாயைப் பார்த்தே விளங்கிக்கொள்வார், ஆறு மாதமாக அப்படிப் பழகிவிட்டார். அன்றைக்கு, 'என்ன? விளங்கல்ல மகள்' என்றார். திரும்பச் சொன்னேன். அன்று முழுக்க அவருக்கு விளங்கவில்லை.

காக்கா, அது நல்ல குரல். என்னை விட நன்றாகப் படிப்பிக்கிறது, மூக்கை உறிஞ்சாமல். பிள்ளைகளுக்கு அது பழகினால், நாளைக்கு ரோட்டில் என்னைக் கண்டு கதைத்தால் என்ன நினைப்பார்கள்? டீச்சர் போனுக்குள் இருக்கிறா, இது வேறு யாரோ என்றுதானே? நான் இருக்கும்போதே எனக்குப் பதிலாக ஆள் வைத்தமாதிரி இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அழுதால் கூடச் சத்தம் வரவில்லை. என்னிடம் கேட்காமல் செய்துவிட்டீர்கள். அன்பால் செய்தீர்கள், தெரியும். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். நான் அனுப்பிய பழைய பதிவுகள் உங்களுடையவை. அவற்றை வைத்திருங்கள்.

பின்னப் பாடம் கோப்பையில் முழுதாக முடிந்துவிட்டது. லிங்க் கீழே இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். இந்தப் பாடத்தைப் பார்த்து மீதிப் பேர் திரும்பினால் நான் டீச்சர், திரும்பாவிட்டால் வீட்டில் சமையல். நேரம் கிடைத்தால் நீங்களும் செய்து பார்த்துக் குறை சொல்லுங்கள். உங்கள் தொழில் அல்லவா.

ஸாதியா


தோஹா
01.06.2025

தங்கச்சிக்கு, ஸலாம்.

சுகமாக இருக்கிறேன். அந்தக் குரலை அழித்துவிட்டேன். சாமானில் இருந்த கணக்கையும் மூடிவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

லிங்க் கிடைத்தது. இப்போது வேலை கடும் நெருக்கடி. நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எல்லோருக்கும் என் வாழ்த்து.

நிஸ்தார்


காத்தான்குடி
20.07.2025

அன்புள்ள காக்காவுக்கு, உங்களுக்கும் உங்கள் அறையில் இருப்பவர்களுக்கும் சுகம் உண்டாகட்டும். இங்கே கச்சான் காற்று புழுதியை அள்ளிக் கொட்டுகிறது. நுஸ்ராவின் வீட்டுக்கு ஓடு போட்டாகிவிட்டது. ஜன்னல் பச்சை. நீலம் தோற்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, நாள் பார்க்கச் சொல்லிப் போனார்கள்.

நல்ல செய்தி. பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். புதிதாகவும் சேர்ந்திருக்கிறார்கள், அக்கரையில் இருந்தே ஏழெட்டுப் பேர். எல்லாம் பிரஷாந்தியின் வேலை. பாலத்தடியில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, என் பதில்களைப் போனில் பார்த்து என் மாதிரியே கையை ஆட்டி வாசித்துக் காட்டுகிறாளாம். 'ஆருக்கு இந்த அவசரம்? மேலயும் கீழயும் கூட்டி வச்சிரிக்காய். அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரைய விடக் குறையுமா? கிறுகித் திரும்பி ஒருக்காப் பார்.' கேட்டவர்கள் எல்லாம் ஸாதியா டீச்சர் வந்துட்டா என்று சிரிக்கிறார்களாம். ஏச்சு வாங்குவதற்காகவே பிழை விடுகிற பிள்ளைகளும் உண்டு என்றாள். நான் நம்பவில்லை.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோப்பையில் யார் எந்த விடையைத் தொட்டார்கள் என்று பார்க்கலாம் அல்லவா? ஒரு பிள்ளை பெயர் போடாமல் வருகிறது. ஜூன் தொடக்கத்தில் இருந்து, நாள் தவறாமல் பின்னேரத்தில். பின்னப் பாடம் மட்டும்தான். முதலில் ஐந்தில் இரண்டு. பிறகு ஆறில் ஒன்று. பிறகு ஆறில் இரண்டு. சரியான விடையை ஒரு நாளும் தொட்டதில்லை. எல்லாப் பிழையையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது, மறுநாளும் வருகிறது.

இப்படி ஒரு பிள்ளையை நான் வகுப்பில் கண்டதில்லை. எனக்கு நித்திரையில் கூட அதே யோசனை. என் ஏச்சு அதற்குக் கூடிவிட்டதோ, பயந்து குழம்புகிறதோ என்று, போன கிழமை பதில்களை எல்லாம் மெதுவாக மாற்றி எழுதினேன். 'பரவாயில்லை பிள்ளை, ஆறுதலாகச் செய்யுங்கள்' என்று. அதற்குப் பிறகு அது வருவதே குறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை யாரென்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஏதும் வழி தெரியுமா? விட்டுவிட எனக்கு மனமில்லை.

குரல் அப்படியேதான் இருக்கிறது. உம்மாவுக்குத் திரும்ப விளங்கத் தொடங்கிவிட்டது.

ஸாதியா


தோஹா
03.08.2025

அன்புள்ள தங்கச்சிக்கு, வஅலைக்கும் ஸலாம். உடம்புக்குக் குறையில்லை. ஊறுகாய் வந்து சேர்ந்தது, அறைக்காரர்கள் முடித்துவிட்டார்கள்.

நீ தேடுகிற பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது. அது பெயர் போடாததற்குக் காரணம் வெட்கம்.

வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, கட்டிலில் இருந்து அதைத் திறப்பேன். ஐந்தில் இரண்டைத் தொடுவேன். 'ஆருக்கு இந்த அவசரம்?' என்று வரும். ஆறில் ஒன்றைத் தொட்டால், 'கூட்டச் சொன்னாப் பெருக்கி வச்சிரிக்காய், ஆரக் கேட்டுப் பெருக்கின?' என்று வரும். ஆறில் இரண்டுக்கு, 'கீழ மாத்தினாய். மேல ஆர் மாத்துற? பக்கத்து ஊட்டுக்காரரா?' என்று வரும். அதற்கு ஒவ்வொரு நாளும் சிரிப்பேன். நான் மெஷினில் செய்த குரல் வடிவாக வாசித்தது, ஒரு நாளும் என்னை ஏசவில்லை. இதில் சத்தமே இல்லை, எனக்குக் கேட்கிறது. பதினைந்து வருடமாக நான் செய்த பாடங்களில் பிழை விட்டவனுக்கு ஒரு சொல் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இப்போது கத்திப் பாடத்தைத் திரும்ப எழுதுகிறேன். மனேஜர் ஏன் என்று கேட்டார். என் தங்கச்சி டீச்சர் என்றேன்.

நீ பதிலை மெதுவாக மாற்றிய அன்று நான் திறந்தேன். 'பரவாயில்லை பிள்ளை' என்று வந்தது. அது நீ இல்லை. அந்நியர் வீட்டுக்குள் போய்விட்டமாதிரி இருந்தது, மூடிவிட்டேன். அதுதான் வருகை குறைந்த கதை.

பழைய ஏச்சைத் திரும்பப் போடு. மற்றப் பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது, பிரஷாந்தியைக் கேட்டுப் பார். இனிப் பெயர் போட்டுக்கொண்டு வருகிறேன்.

உம்மாவுக்கும் நுஸ்ராவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். கலியாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்தத் தரம் குளிரூட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்ததும் உன் பக்கத்தில் இருந்து, நீ சொல்வதை விளங்கிக்கொள்ளப் பழகுகிறேன். உம்மா பழகினார், எனக்கும் ஏலும்.

விடை ஆறில் ஐந்து. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

காக்கா நிஸ்தார்